1200 டார்க் வண்டிதான் அதிகம் இழுக்குமா? டீசல் பிக்கப் வாங்கப் போகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

டாலஸில் இருக்கிறேன், 15,000 பவுண்டு வரை எடை வரக்கூடிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்பெட்டிக்குள் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுப்பது) ஒன்று வாங்கப் போகிறேன், குடும்பத்தில் நாலு பேர், கோடையில் கொலராடோ மலைகளுக்குப் போக ஆசை. ஃபோர்டு 1200 டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை, பவுண்டு-அடியில்) என்கிறது, ராம் 1075, செவ்ரலே 975, அப்படியானால் ஃபோர்டுதானே அதிகம் இழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வாங்குங்கள். மூன்று வண்டியுமே உங்கள் டிரெய்லரை இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஷோரூமில் அந்த டார்க் எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள், ஆனால் உங்கள் பயணத்தை அது தீர்மானிப்பது ரொம்பக் கொஞ்சம். மேட்டில் எத்தனை வேகத்தில் ஏறுவீர்கள் என்பதை வேறொரு எண் சொல்கிறது, இறக்கத்தில் நிம்மதியாக இறங்குவீர்களா என்பதைச் சொல்ல பிரசுரத்தில் எண்ணே கிடையாது, வண்டியின் முதுகு அந்த டிரெய்லரைத் தாங்குமா என்பதைச் சொல்லும் எண் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது. அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாங்கி நானே மாட்டிக்கொண்டவன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஃபோர்டின் கனரக பிக்கப் வரிசையான சூப்பர் டியூட்டியில் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 இரண்டு விதமாக வருகிறது: சாதாரணமானது 475 எச்.பி., 1050 பவுண்டு-அடி டார்க். ஹை அவுட்புட் என்பது 500 எச்.பி., 1200 பவுண்டு-அடி. நீங்கள் சொல்லும் 1200 இந்த இரண்டாவதுதான், அதற்குத் தனிக் காசு. ராமில் 6.7 லிட்டர் கம்மின்ஸ், வரிசையாக ஆறு சிலிண்டர், 2025 மாடலில் இருந்து 430 எச்.பி., 1075 பவுண்டு-அடி. செவ்ரலே சில்வராடோவும் ஜி.எம்.சி. சியராவும் உள்ளே ஒரே வண்டி, 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி8, 470 எச்.பி., 975 பவுண்டு-அடி. அதிகபட்ச இழுவை என்று விளம்பரத்தில் போடுவது ஃபோர்டுக்கு 40,000 பவுண்டு, அதாவது 18 டன்னுக்கும் சற்று மேல், ராமுக்கு 36,610, ஜி.எம்.முக்கு 36,000. அந்த 40,000-ஐ இழுப்பது அந்த வரிசையில் பெரிய எஃப்-450, அதுவும் சிங்கிள் கேபின், டூ வீல் டிரைவ், கூஸ்நெக் கொக்கி (பின்பெட்டித் தரையில் இருக்கும் பந்துக் கொக்கி). பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர் யாரும் அந்த வண்டியை வாங்கப் போவதில்லை. கேபினைப் பெரிதாக்கி, ஃபோர் வீல் டிரைவ் போட்டு, தோல் சீட்டு வைக்க வைக்க எண் இறங்கிக்கொண்டே வரும்.

சரி, டார்க். பலரும் வழுக்கி விழும் இடம் இது. எச்.பி. என்பது டார்க்கையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் வருவது. ஃபோர்டின் 1200 டார்க் கிடைப்பது 1600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1600 சுற்று), கணக்குப் போட்டால் அந்த இடத்தில் 366 எச்.பி. வரும். செவ்ரலேயின் 975-உம் அதே 1600-இல்தான். அங்கே 297 எச்.பி. ஆக இரண்டு எஞ்சினும் 1600-இல் சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தால் ஃபோர்டு எங்கோ முன்னால் இருக்கும். ஆனால் பெரிய மேட்டில் எந்த வண்டியும் 1600-இல் ஓடாது. கியர்பாக்ஸ் இரண்டு மூன்று கியர் குறைத்து எஞ்சினை 2600, 2800 என்று தூக்கி நிறுத்தும், ஏனென்றால் மேடு ஏற வேண்டியது எச்.பி., அந்த எச்.பி. இருப்பது அங்கேதான். அந்த இடத்தில் டார்க் எவ்வளவு என்று திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபோர்டு 2600-இல் சுமார் 1010, டியூராமேக்ஸ் 2800-இல் சுமார் 880, கம்மின்ஸ் அதே 2800-இல் சுமார் 805. பிரசுரத்தில் செவ்ரலேயை விட 100 அதிகம் காட்டும் ராம், வேலை நடக்கும் இடத்தில் அதற்குக் கீழே நிற்கிறது. காகிதத்தில் கடைசியாக நிற்கும் செவ்ரலே மேட்டில் இரண்டாவதாக ஏறும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். நீங்கள் எப்படியும் போகப்போகும் மேடு ஐ-70 நெடுஞ்சாலையில் சில்வர்தார்னில் இருந்து ஐசனோவர் சுரங்கப்பாதை வரைக்குமானது. ஏறக்குறைய 8 மைல், செங்குத்தான இடங்களில் 7 சதவீதச் சரிவு, உச்சியில் சுரங்கம் கடல் மட்டத்தில் இருந்து 11,000 அடிக்கும் மேலே. உங்கள் டிரெய்லர் 15,000 பவுண்டு, வண்டி 8,500, ஆட்களும் சாமானுமாக 500 என்று வைத்தால் மொத்தம் 24,000. 7 சதவீத மேட்டில் புவியீர்ப்பு மட்டும் 1,680 பவுண்டு பின்னால் இழுக்கும். டயர் உருளும் தடை ஒரு 240. அப்புறம் காற்று, ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் முகம் ஒரு வீட்டுச் சுவர் மாதிரி, 50 மைல் வேகத்தில் 500 பவுண்டும் 60-இல் 700-க்கு மேலும் அதுவே பிடித்து நிறுத்தும். எல்லாம் சேர்த்து, கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் 15 சதவீதம் வீணாகிறது என்று விட்டுக்கொடுத்தால், 8 மைலும் 7 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 500 எச்.பி. ஃபோர்டு 60 மைலில் ஏறும், 470 எச்.பி. செவ்ரலே 57, 58-இல் ஏறும், 430 எச்.பி. ராம் 54-இல் ஏறும். ஃபோர்டுக்கு 8 நிமிடம், செவ்ரலேக்கு இருபது விநாடி கூட, ராமுக்கு 9 நிமிடத்துக்கு ஒரு சில விநாடி குறைவு.

ஒரு நிமிடம்கூட முழுசாக இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இணையத்தில் இத்தனை சண்டை. நிஜத்தில் முன்னால் ஒரு பெரிய டிரக் ஹசார்டு லைட் போட்டுக்கொண்டு 35-இல் ஊர்ந்துகொண்டிருக்கும், நீங்கள் எந்த வண்டியில் இருந்தாலும் அதன் பின்னால்தான் போவீர்கள்.

அதற்காக டார்க் வீண் என்று சொல்லவில்லை. டெக்சாஸ் மாதிரி ஏறி இறங்கும் சின்னச் சின்னத் தரைமேட்டில் டார்க் அதிகமுள்ள வண்டி கியரே மாற்றாமல் 1700-இல் முனகிக்கொண்டு போய்விடும், மற்றது அடிக்கடி ஒரு கியர் இறங்கி ஏறும். ஆறு மணி நேரம் ஓட்டினால் காதுக்கும் மனசுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். டீசல் எதற்கு, பெட்ரோலே போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் 430 எச்.பி.தான், கம்மின்ஸ் அளவுக்குச் சரியாக. டார்க் 485, பாதிகூட இல்லை. அந்த 430-ஐ எடுக்க அது 5500 ஆர்.பி.எம்.மில் கத்த வேண்டும், எட்டு நிமிடம் விடாமல். அதோடு டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ டீசல் மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும், அதனால் இழப்பு கொஞ்சம்தான். டீசலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடக் கேட்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏரிக்கரைக்குச் சின்னப் படகு இழுக்கிறவருக்கு அது தண்டம், உங்களுக்கு இல்லை.

எஞ்சின்களின் குணம் பற்றி ஒரு வார்த்தை, எனக்குப் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்மின்ஸில் சிலிண்டரின் விட்டம் 107 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 124. டியூராமேக்ஸில் விட்டம் 103, ஓட்டம் 99. ஃபோர்டு இரண்டுக்கும் நடுவில், 99-க்கு 108. நீண்ட ஓட்டம் உள்ள எஞ்சின் மெதுவாகச் சுற்றி, ஆழமாக மிதித்து வேலை செய்யும். பெரிய லாரி எஞ்சின்களும் வரிசை ஆறாக, நீண்ட ஓட்டத்தோடு இருப்பது இதனால்தான். கம்மின்ஸ் பிரியர்கள் இதைச் சொல்லியே மார்தட்டுவார்கள், தப்பில்லை, பானெட்டைத் திறந்தால் கை விட்டு வேலை செய்ய இடமும் அதில்தான் அதிகம். ஆனால் பல வருஷம் ராமை மேட்டில் பின்னுக்கு இழுத்தது எஞ்சின் இல்லை, ஆறு கியர் பாக்ஸ். ஃபோர்டிலும் ஜி.எம்.மிலும் 2020 மாடலிலேயே பத்து கியர் வந்துவிட்டது. அங்கே ஒரு கியர் இறங்கினால் எஞ்சின் சில நூறு சுற்று ஏறி, சக்தி இருக்கும் இடத்திலேயே நிற்கும். ஆறு கியரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பெரிய பள்ளம்: மேல் கியரில் வண்டி திணறும், கீழ்க் கியரில் அலறும், நடுவில் ஒன்றும் இல்லை. 2025-இல் ராம் எட்டு கியருக்கு மாறியபோது 10 எச்.பி. ஏறியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், உண்மையான முன்னேற்றம் அந்த எட்டு கியர்தான். பழைய ராம் வாங்குவதாக இருந்தால் இதை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிற்கிற இடத்தில் இருந்து வண்டி எடுக்கத்தான் டார்க் வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. அதையும் போட்டுப் பாருங்கள். 1000 பவுண்டு-அடி என்று வைத்துக்கொண்டு முதல் கியரில் நாலரை மடங்கு, பின் ஆக்ஸிலில் மூன்றரை மடங்கு பெருக்கினால் டயர் தரையை 11,000 பவுண்டு விசையோடு தள்ளப் பார்க்கும். பின் சக்கரங்களின் மேல் இருக்கும் எடை 6,500 என்றால் காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் பிடிப்பது அதிகபட்சம் 5,000 சொச்சம். மீதி புகையாகத்தான் போகும். அதனால்தான் கம்பெனிக்காரர்களே கீழ்க் கியர்களில் கம்ப்யூட்டர் வைத்து டார்க்கைக் குறைத்து விடுகிறார்கள். இரண்டு பிக்கப்பைப் பின்னுக்குப் பின் சங்கிலி கட்டி இழுக்க விடும் வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஜெயிப்பது எஞ்சின் இல்லை, எடை அதிகமான, டயர் நல்ல, முதலில் மிதித்த வண்டி. வேடிக்கைக்குப் பார்க்கலாம்.

இந்த எண் போட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1989-இல் டாட்ஜ் (இன்றைய ராமின் பழைய பெயர்) தன் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸை வைத்தபோது அது 160 எச்.பி., 400 பவுண்டு-அடி. அன்றைக்கு அதுவே அதிசயம். 1994-இல் ஃபோர்டு 7.3 பவர் ஸ்ட்ரோக், நாவிஸ்டார் என்ற லாரிக் கம்பெனி செய்து கொடுத்தது. 2001-இல் ஜி.எம். இசுசுவோடு சேர்ந்து டியூராமேக்ஸ், 520 பவுண்டு-அடி. 2011-இல் ஃபோர்டு சொந்தமாக 6.7 செய்தது. அப்புறம் ஏலம்தான்: 2019-இல் ராம் 1000 என்றது, அடுத்த வருஷமே ஃபோர்டு 1050, 2021-இல் ராம் 1075, 2023-இல் ஃபோர்டு 1200. ஜி.எம். மட்டும் இந்த ஏலத்தில் கை தூக்கவில்லை, 975-ஓடு நிற்கிறது. அதற்கு மேட்டில் பெரிய நஷ்டம் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

இழுவை எடை கதை இன்னும் சுவாரசியம். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் சோதித்து ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது. 2008-இல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தில் ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை எழுதப்பட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணை பக்கத்து மேடுதான் அதில் முக்கியம்: 11.4 மைல், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலாவது இருக்க வேண்டும், ஏ.சி. முழுசாக ஓட வேண்டும், வண்டி கொதிக்கக் கூடாது, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள வண்டிக்கு 35. 12 சதவீதச் சரிவில் நிறுத்தி முன்னால் ஐந்து தடவை, பின்னால் ஐந்து தடவை எடுக்கவும் வேண்டும். நல்ல சோதனை. ஆனால் எழுதின உடனே ஏற்றுக்கொண்டது டொயோட்டா மட்டும், 2011 டண்ட்ராவில். ஃபோர்டு, ஜி.எம்., ராம் என்ற டெட்ராய்ட்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சில வருஷம் இழுத்தடித்தார்கள். 2014-இல் யார் பெரியவர் என்று ஃபோர்டும் ராமும் மோதிக்கொண்டபோது வெளியே வந்தது இது: எஃப்-450-ஐ 14,000 பவுண்டு வகுப்புக்குள் அடக்கிக் காட்ட, ஸ்டெப்னி, ஜாக், ரேடியோ, நடு கன்சோல் எல்லாம் இல்லாத வண்டியின் எடையை வைத்து ஃபோர்டு கணக்குப் போட்டிருந்தது. ரேடியோவைக் கழற்றிவிட்டு லோடு ஏற்றுகிற டிரைவரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஸ்டிக்கர். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று. மாடலுக்குப் பொதுவான எண் இல்லை அது, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கானது. ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் பின்பெட்டி மேல் நேராக உட்காரும். உங்கள் 15,000-க்கு 20 சதவீதம் என்று வைத்தால் 3,000 பவுண்டு. கொக்கித் தட்டு ஒரு 200. நாலு பேர் 600. ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், பிள்ளைகளின் சைக்கிள் என்று 200 வைத்தாலும் 4,000 ஆகிவிட்டது. எஃப்-250, 2500 வகை (முக்கால் டன் என்பார்கள்) டீசல் வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை அனுமதி 10,000 பவுண்டைச் சுற்றி, வண்டியே 7,500-க்குக் குறையாது, டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விடப் பல நூறு பவுண்டு கனம் வேறு. மிச்சம் 2,500 இருந்தால் அதிர்ஷ்டம். பிரசுரத்தில் அதே வண்டி 20,000 இழுக்கும் என்று போட்டிருக்கும், பொய்யும் இல்லை, எஞ்சின் இழுக்கும்தான். முதுகுதான் தாங்காது.

நான் மாட்டியது இதில்தான். முதல் பிக்கப் வாங்கும்போது கடைக்காரர், எந்தக் கடை என்பது வேண்டாம், 'இந்த முக்கால் டன் வண்டி உங்க டிரெய்லரைச் சும்மா ஊதித் தள்ளிடும் சார்' என்கிற ரீதியில் ஆங்கிலத்தில் அளந்தார், நானும் டார்க்கைக் கேட்டு மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். டிரெய்லரை மாட்டின அன்று வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஹை பீம் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள், நான் லோ பீமில்தான் இருந்தேன். வெளிச்சம் ரோட்டை விட்டு மரக்கிளையில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் பிடிக்கவே பஞ்சு மாதிரி. மறுநாள் ஒரு டிரக் ஸ்டாப்பில் எடைமேடையில் ஏற்றினேன். மேடை மூன்று துண்டாக இருக்கும், முன் ஆக்ஸில் ஒன்றில், பின் ஆக்ஸில் ஒன்றில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். கம்பத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால் உள்ளே இருந்து ஒரு பெண் குரல் முதல் தடவையா, மறு எடையா என்று கேட்கும். உள்ளே போய்ச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். முன் ஆக்ஸில் வழக்கத்தை விட இளைத்திருந்தது, பின் ஆக்ஸில் அனுமதியை விட 500 பவுண்டுக்கு மேலே. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தது. எட்டு மாதத்தில் அந்த வண்டியை நஷ்டத்துக்கு விற்றேன்.

அதனால் உங்களுக்கு அடுத்த பெரிய எஃப்-350, 3500 வகைக்குக் கீழே பேச்சே வேண்டாம். ஒற்றைப் பின்சக்கர 3500-இல் மொத்த அனுமதி 12,000-ஐச் சுற்றி இருக்கும், கணக்கு இழுபறியாகத்தான் வரும். சாதாரண டிரிம் (வசதிகள் குறைந்த வகை) என்றால் தப்பிக்கலாம், ஏழு வகை மசாஜ் செய்யும் சீட்டும் கண்ணாடிக் கூரையும் உள்ள உயர்ந்த டிரிம் என்றால் அந்தக் கண்ணாடியே உங்கள் எடையைத் தின்றுவிடும். டூயலி, அதாவது பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ளது, 14,000 அனுமதியோடு வரும், 5,000-க்கு மேல் தாராளமாகத் தாங்கும், பெரிய டிரக் பக்கத்தில் கடந்து போகும்போது டிரெய்லர் ஆடுவதும் குறையும். மால் பார்க்கிங்கில் அவஸ்தை, டயர் மாற்ற ஆறு வாங்க வேண்டும், ஓட்டலில் டிரைவ் த்ரூவில் நுழைய முடியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

டெக்சாஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியின் அனுமதி எடை, டிரெய்லரின் அனுமதி எடை இரண்டையும் கூட்டினால் 26,000 பவுண்டைத் தாண்டினால், டிரெய்லரும் 10,000-க்கு மேல் இருந்தால், உங்கள் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது. சொந்த உபயோகம் என்பதால் வணிக லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் கிளாஸ் ஏ எடுக்க வேண்டும். 14,000-உம் 15,000-உம் 29,000. எத்தனையோ பேர் இது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக இறக்கம், என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட இதற்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். மேட்டில் சக்தி போதாவிட்டால் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். அதே சுரங்கத்தில் இருந்து சில்வர்தார்ன் பக்கம் இறங்கும்போது அதே 24,000 பவுண்டு உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். 45 மைலில் பிடித்து நிறுத்த, காற்றும் டயரும் தின்றது போக, சுமார் 120 எச்.பி. சூட்டை எங்காவது கொட்ட வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல். 90 கிலோவாட். நம் ஊர் வீட்டு கீசர் 2 கிலோவாட், அதில் நாற்பத்தைந்தை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. அத்தனையையும் பிரேக் தட்டில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை அந்த இறக்கத்தின் அடியில் கோடை நாட்களில் மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். ரோட்டோரம் ஒரு பிக்கப் நிற்கும், முன்சக்கரத்தில் இருந்து நீலப் புகை, குடும்பம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். வழியில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் ஏறி நிற்க ஜல்லி கொட்டிய சரிவுகளும் இருக்கின்றன, சும்மா வைக்கவில்லை.

எக்ஸாஸ்ட் பிரேக் உங்களைக் காப்பாற்றுவது இங்கேதான். டர்போவின் இதழ்களை மூடி, வெளியேறும் புகையை அடைத்து, எஞ்சினையே மூச்சுத் திணற வைத்து வண்டியைப் பிடிக்கும் ஏற்பாடு. மூன்று வண்டியிலும் இருக்கிறது. எனக்குக் கம்மின்ஸினுடையதுதான் முதல் இடம்: பொத்தானை அமுக்கினால் உறுமிக்கொண்டு ஆள் பிடித்து இழுத்த மாதிரி நிற்கும், டயல் காட்டும் வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் இரண்டாவது முறையும் உண்டு. டியூராமேக்ஸும் ஃபோர்டும் பத்து கியரை வைத்துக்கொண்டு தானாகவே இறக்கிப் பிடிக்கும், சத்தம் குறைவு, பிள்ளைகள் தூங்கினால் எழாது. நான் நாமக்கல் பக்கம் லாரிக்காரர்கள் நடுவில் வளர்ந்தவன். கொல்லிமலையில் ஏறின கியரிலேயே இறங்கு என்று அங்கே சொல்வார்கள், பத்து கியர் ஆட்டோமேட்டிக்குக்கும் அது அப்படியே பொருந்தும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, டோ/ஹால் மோடு (இழுவைக்கு ஏற்றபடி கியர் மாற்றும் பொத்தான்) போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பிடிக்க விட்டு, அப்புறம் இறங்க ஆரம்பியுங்கள். பாதி வழியில் வேகம் எடுத்த பிறகு போட்டால் அதுவும் திணறும். டிரெய்லரின் மின்சார பிரேக் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் டிரைவர் பக்கத்தில் இருக்கும் அதன் கண்ட்ரோலரைக் கையால் அமுக்கி ஒரு தடவை பாருங்கள்.

எதை வாங்குவது என்றால், என் காசு என்றால் நான் 1200-க்குக் கூடக் கொடுக்க மாட்டேன். ஃபோர்டு பிடித்திருந்தால் சாதாரண 475 எச்.பி. எஞ்சினோடு எஃப்-350 டூயலி எடுங்கள், மேட்டில் அது டியூராமேக்ஸோடு தோளோடு தோள் ஏறும். அமைதியாக ஓட வேண்டும், வீட்டில் மற்றவரும் ஓட்ட வேண்டும் என்றால் செவ்ரலே 3500. பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், கைவேலை தெரியும், இறக்கம்தான் பயம் என்றால் எட்டு கியர் ராம் 3500. ராமில் ஆக்ஸில் விகிதம் (பின் ஆக்ஸில் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) கேட்டால் இந்த எடைக்கு 3.73 போதும், 4.10 எடுத்தால் டிரெய்லர் இல்லாத நாட்களில் டீசல் குடிக்கும்.

கடையில் வண்டியைக் காட்டும்போது பானெட்டைத் திறக்கப் போவார்கள். நீங்கள் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், டிரெய்லரின் ஸ்டிக்கரையும் சேர்த்து. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எந்த வண்டி என்று தெரிந்துவிடும். வாங்கின பிறகு முதல் வாரமே எல்லாச் சாமானையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எடைமேடையில் நிறுத்திச் சீட்டை வாங்கிவிடுங்கள். டிரெய்லரின் காலி எடை என்று பிரசுரத்தில் போட்டிருப்பதில் பாட்டரியும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்திருக்கிறதா என்பது உங்களுக்கு அங்கேதான் தெரியும்.